வெயிலில் நின்ற ஹார்மோன்

வேலை தெரியாதவன் கெடுப்பது கொஞ்சம். தெரிந்தவன் கெடுப்பதுதான் அதிகம். எனக்கு வேலை தெரியும்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு சாயப்பட்டறையில் ஏழு வருடம் கலர் பார்த்தேன். துணியை வெயிலில் பிடித்தால் போதும், ஷேடு சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன். (படிப்பு எட்டாவது. அதுவும் பாதி.) சாயத்தில் கை வெடித்துப்போனதால், இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு விதை ஆராய்ச்சிக் கூடத்தில் உதவிக்குச் சேர்ந்தேன்.

அங்கே மலர்விழி மேடம் பருத்தி விதையில் ஹார்மோன் அளந்தார். விதையை முளைக்க விடாமல் தூங்க வைக்கிற ஹார்மோனாம். விதையை உறைய வைத்து அரைத்து, மெத்தனாலில் ஊறப்போட்டு, வடிகட்டி, மிஷினில் விட்டால் அளவு தெரியும். வடித்த சாறு ஒன்பது குழாய்களில், அலுமினியத் தாள் சுற்றி, ஃப்ரிட்ஜில் இருந்தது.

ஒருநாள் மேடம் சாப்பிடப் போனார். தாளுக்குள் என்ன கலர் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒன்பதையும் பிரித்து, ஜன்னலோரம் நல்ல வெயிலில் வரிசையாக நிறுத்தினேன். எல்லாம் மஞ்சள்.

மேடம் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்ணா, தாள யாரு பிரிச்சது?”

“நானுங்க மேடம். மூணாவது குழாய் கலர் தூக்கலா இருக்குதுங்க. மறுக்கா சாயம் போடலாமுங்களா?”

“வெயிலு பட்டா ஹார்மோன் செத்துருமுங்ணா!”

“அதுக்கு உசுரு வேற இருக்குதுங்களா?”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திங்கட்கிழமை அளவு காட்டாவிட்டால் அவருடைய ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள். மீதி விதை இன்னும் ஒரு தடவைக்குத்தான்.

“நானே அரைச்சுத் தாறேனுங்க” என்றேன். வேறு என்ன சொல்வது?

மேடம் திரவ நைட்ரஜனை ஊற்றினார். புகை கிளம்பியது. கல்வத்தில் விதையைப் போட்டுக் குழவியால் அரைத்தேன். கையுறைக்குள் விரல் மரத்தது. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி ஆகும்வரை விடவில்லை. ஊறவைத்து வடித்த குழாய்களுக்கு மேடமே தாள் சுற்றினார். என்னை ஜன்னல் பக்கம் விடவில்லை.

மிஷின் அளவு அச்சடித்த காகிதத்தைத் துப்பியது. ஒரே விதையில் மூன்று தடவை எடுத்த அளவு, மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

“ஷேடு மேட்ச் ஆயிருச்சுங்களா மேடம்?”

“ஆயிருச்சுங்ணா. இப்படி அரைக்க எனக்கே வராதுங்ணா.”

ஆராய்ச்சி நிற்கவில்லை. மேடம் சொன்ன அந்தப் பேச்சை வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே என் மனைவி சரசு மிக்சியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். “ஹார்மோனே அரைச்ச கையி. தேங்காய் அரைக்காதுங்களாக்கு?”

வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லித்தான் சட்னி வைக்கிறாள். இன்றுவரை அம்மியில் அரைப்பது நான்தான். ஒருவர் வாயிலும் அரைபடாத திப்பி தட்டியதில்லை.