எரியாத மூலை

இடைவேளையோடு தியேட்டரை விட்டுக் கிளம்புகிறவனிடம் படத்தின் கதையைக் கேட்கக் கூடாது. பாதிக் கதைதான் அவனுக்குத் தெரியும். ஆனால் முழுதாகப் பார்த்தவனைவிடத் தைரியமாகச் சொல்வான். நான் சினிமாவைக் கடைசிவரை பார்க்கிறவன் (காசு கொடுத்து டிக்கெட் வாங்கியாயிற்றே). வேலைகளை மட்டும் இடைவேளைவரை பார்த்தே பழகிவிட்டேன்.

பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு நின்றது. அப்புறம் திருப்பூரில் பனியன், ஆந்திராப் பக்கம் போர்வெல் லாரி, பெங்களூரில் எல்.இ.டி. பல்பு பூட்டும் ஷெட், ஓசூர்ப் பக்கம் பூந்தோட்டம். சில ஊர்களில் பசி, சில ஊர்களில் மூட்டைப்பூச்சி. இரண்டும் சேர்ந்திருந்த ஊரில்தான் அதிக நாள் தங்கினேன், கிளம்பப் பஸ்ஸுக்குக் காசு இல்லாததால்.

செஞ்சிக்குத் திரும்பி வந்தபோது அக்கா எனக்கு ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். வல்லத்தில் கோவிந்தசாமி என்கிற பூ விவசாயியின் மகள், சங்கீதா. பி.காம். முடித்துவிட்டுச் செஞ்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான்.

பெண் பார்க்கப் போன அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கோவிந்தசாமி கேட்டார். எலக்ட்ரிக்கல் என்றாள் அக்கா. எந்த ஊரில் என்றார். எல்லா ஊரிலும் என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "தம்பி ஒரு இடத்துல நிப்பாரான்னுதான் எனக்கு ரோசன" என்றார். பிறகு பேச்சு அவருடைய கவலைக்குப் போனது. வீட்டை ஒட்டிய கொல்லையில் சாமந்தி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்குப் பூ கொடுப்பதாகச் செஞ்சிப் பூக்கடைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஆவணி பிறந்தும் மேகமூட்டம் விலகவில்லை. வெயில் இல்லாமல் செடி மந்தமாக நின்றது.

என் வாய் அப்போது திறந்துகொண்டது. ஓசூர்ப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் ராத்திரியெல்லாம் விளக்குப் போட்டு வளர்க்கிறார்கள், நானே பந்தல் கட்டியிருக்கிறேன், அதே விளக்கை என் கையால் செய்து இங்கே போட்டால் பூ கொத்துக் கொத்தாகக் கொட்டும் என்றேன்.

சமையற்கட்டு வாசலில் நின்ற சங்கீதா கேட்டாள். "அங்க பூ பறிக்கிறதப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அது உண்மை. ஒரு தோட்டத்தில் விளக்கு எரிவதைப் பார்த்தேன். சோற்றில் கல் கிடந்ததற்காகச் சண்டை போட்டு அங்கிருந்து ஓடினேன். சில மாதம் கழித்து வேறொரு தோட்டத்தில் பூப் பறிப்பதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் நடுவே என்ன நடந்தது என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஆயுத பூஜைக்கு இந்தக் கொல்ல பூக்கட்டும். அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்" என்றார் கோவிந்தசாமி.

பூக்காவிட்டால் என்ன என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் அது தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் அக்கா கண்டிப்பாக ஒன்று சொன்னாள். தட்டு மாற்றும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது, காபித்தண்ணிகூட ஆகாது. ஆகவே அடுத்து வந்த வாரங்களில் நான் அந்த வீட்டுக் குழம்பு வாசனையை மட்டுமே சாப்பிட்டு வேலை செய்தேன். (பட்டினி எனக்குப் புதிதல்ல. கருவாட்டுக் குழம்புக்குப் பக்கத்தில் இருந்த பட்டினி புதிது.)

விளக்கு செய்வது சுலபம். அலுமினியச் சட்டத்தில் பருப்பு அளவுள்ள சிவப்பு, நீல எல்.இ.டி. மணிகளை வரிசையாக ஒட்டி, ஒன்றின் வாலை அடுத்ததன் தலையோடு ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பெங்களூரில் எனக்கு அதுதான் வேலை. அந்த வரிசைக்குப் பொருத்தமான டிரைவரைத் தேர்வது பக்கத்து மேசைக்காரன் வேலை. டிரைவர் என்பது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. வீட்டுக் கரண்டை வாங்கி, மணிகள் தாங்கும் அளவுக்குக் குறைத்து ஊட்டும். பக்கத்து மேசையை நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவலூர்பேட்டையில் ஒரு காயலாங்கடையில் பழைய விளக்குகளிலிருந்து கழற்றிய டிரைவர்களை ஒரு பையில் அள்ளி வந்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி. பெரிய பெட்டி என்றால் நிறைய வெளிச்சம் என்று எடுத்து மாட்டினேன். முந்நூறு மில்லி ஆம்பியர் தாங்கும் மணிகளுக்குள் அறுநூறு பாய்ந்தது. கொல்லையே சொர்க்கம் மாதிரி ஜொலித்தது. பிறகு சொர்க்கத்திலிருந்து புகை வந்தது.

"இன்னா தீயுது?" என்று உள்ளேயிருந்து சங்கீதா கேட்டாள். ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அடுத்து அதே பெட்டியில் இரண்டு வரிசைகளைப் பக்கம் பக்கமாகக் கொடுத்தேன், ஆளுக்குப் பாதி என்று. நன்றாகத்தான் எரிந்தது. ஒரு வரிசையில் நான் வைத்த ஈயம் விட்டுப்போனதும், மொத்த அறுநூறும் மற்றதன் தலையில் இறங்கியது. மூட்டையை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவன் கையை எடுத்துவிட்டு பீடி பற்றவைக்கப் போனது போல. அதுவும் போயிற்று.

மூன்றாவதாகச் சிவப்பு வரிசை. நீல மணிக்கு மூன்று வோல்ட் வேண்டும், சிவப்புக்கு இரண்டு போதும். நான் எல்லாவற்றையும் மூன்று என்றே கணக்கிட்டிருந்தேன். டிரைவர் கேட்ட குறைந்தபட்ச வோல்ட்டுக்கு அந்த வரிசை எட்டவில்லை. எட்டாவிட்டால் டிரைவர் செத்தும் போகாது, ஒழுங்காக வேலையும் செய்யாது. கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, எந்த சாமிக்குத் திருவிழா என்று விசாரித்தார்கள்.

இப்படி ஊர் சிரித்த பிறகுதான் பெட்டிமேல் ஒட்டியிருந்த எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு பெட்டிக்கு ஒரே வரிசை. பெட்டி ஊட்டும் ஆம்பியரை மணி தாங்க வேண்டும். மணிகளின் வோல்ட்டைக் கூட்டினால் பெட்டி சொல்லும் எல்லைக்குள் வர வேண்டும். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள், ஒன்றிரண்டு இடித்தாலும் விட்டுவிடுகிறார்கள். இதற்கு இரண்டே பொருத்தம். இரண்டில் ஒன்று இடித்தாலும் புகை.

ஒருவழியாக எல்லாம் பொருந்தி, சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது கொல்லை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் வெளிச்சம் பரவியது. கோவிந்தசாமி வாயைத் திறந்தபடி நின்றார். என் வாழ்க்கையில் நான் முடித்துக் காட்டிய முதல் வேலை அது. அதுதான் வினை.

முழுதாக முடித்தேன் என்றும் சொல்ல முடியாது. கிணற்றோர மூலைக்குப் பொருத்தமான டிரைவர் பையில் இல்லை. கிடைத்ததை மாட்டினேன். மறுநாளே அது செத்தது. அந்த மூலை மட்டும் ஏன் எரியவில்லை என்று அவர் கேட்டார்.

"வேணும்னுதான் மாமா விட்டு வெச்சிருக்கேன். வித்தியாசம் தெரியணுமில்ல?"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார், 'பையன் விவரம்' என்பது போல.

புரட்டாசி வந்தது. வெளிச்சத்தில் நின்ற செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்து கருகருவென்று மண்டின. இலையென்றால் அப்படி ஓர் இலை. ஆட்டுக்குப் போட்டால் ஆடு மறுபடி வேறு எதையும் தொடாது. அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் சாமந்தி மொட்டு விட்டது. எங்களுடையதில் இலைமேல் இலை. கிணற்றோர மூலையில் மட்டும், குட்டையாக, வஞ்சனையில்லாமல் மொட்டு.

கோவிந்தசாமி தினமும் காலையில் அந்த மூலையில் போய் நிற்பார். பிறகு மற்றதைப் பார்ப்பார். ஒருநாள், "வித்தியாசம் நல்லாத் தெரியுது தம்பி" என்றார்.

மறுநாள் விடியும்போதே அக்கா வீட்டு வண்டியில் போனேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது என்பது என் திட்டம். எனக்கு முன்பே சங்கீதா அங்கே நின்றிருந்தாள்.

"இன்னா தேடறீங்க?"

"புழு."

"அது நிக்கிறது எனக்குத் தெரியுது. ஓசூருக்கு போன் போடுங்க."

என் போனில் ஸ்பீக்கரில் போட்டால்தான் சத்தம் கேட்கும். போட்டேன். தோட்டத்து மேஸ்திரி எடுத்தார். பின்னால் கோவிந்தசாமி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாரு, சோத்துச் சண்டை போட்டுட்டு ஓடுனியே, அந்த செஞ்சிக்காரனா?"

"ஆமாண்ணே. சாமந்திக்கு லைட் போட்டேன். செடி நல்லா இருக்குது, மொட்டே வரலை."

"லைட்ட என்னைக்கு நிறுத்துன?"

"நிறுத்தணுமாண்ணே?"

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

"டேய், ராத்திரி நீண்டுதுன்னாத்தான் சாமந்தி மொட்டு வைக்கும். செடி பெருசாகிறவரைக்கும் பூ வந்துடக் கூடாதுன்னுதான் லைட்டே போடறது. அப்புறம் நிறுத்திடணும். நீ அதுக்கு முன்னாடியே ஓடிட்ட."

நான் பொருத்தம் பார்த்து மாட்டிய ஒவ்வொரு டிரைவரும் ராத்திரி தவறாமல் பூவைத் தடுத்து நிறுத்தியிருந்தது. பொருத்தம் பார்க்காமல் மாட்டி, செத்துப்போன ஒன்றுதான் விவசாயம் செய்திருந்தது.

கோவிந்தசாமி வரப்பில் உட்கார்ந்தார். நான் என் வழக்கப்படி வண்டியைத் தேடினேன். வண்டி இருந்தது, அதிலேயே விட்டிருந்த சாவி இல்லை. அது சங்கீதாவின் கையில் இருந்தது.

"இந்த வயரெல்லாம் யாரு கழட்டுவாங்க?" என்றாள்.

பொழுது சாயும்வரை கழற்றினேன். பிறகு நாள்தோறும் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கிவிட்டு, நேராக அந்தக் கொல்லைக்கு வந்து தண்ணீர் பாய்ச்சினேன். வாக்குக் கொடுத்த பூக்கடையில் கோவிந்தசாமி தலை குனிந்து நின்றார். தீபாவளிக்கு அந்த வீட்டில் புதுத்துணி எடுக்கப்போவதில்லை என்று ஆயுத பூஜைக்கு முன்பே முடிவாகிவிட்டது.

ஆயுத பூஜையன்று அக்காவும் நானும் மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். கிணற்றோர மூலையின் பூ ஒரு கூடை தேறியிருந்தது. மண்வெட்டி, அரிவாள், மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு ஆளுக்கொரு சாமந்தி வைத்திருந்தார்கள். கோவிந்தசாமி உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். செத்துப்போன அந்த டிரைவர். அதற்கும் பொட்டு வைத்து, இருந்ததிலேயே பெரிய பூவாகப் பார்த்து வைத்தார்.

"இது ஒண்ணுதான் ஒழுங்கா வேல செஞ்சிது" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"ஓடிடுவன்னு நெனச்சேன். வயரச் சுருட்டி வெச்சிட்டு நின்னுட்ட. கை கழுவு மாப்ள, சாப்பிடலாம்."

மாப்ள. அக்கா அவசரமாக என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். (சாவி விஷயம் அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரியும்.)

விளக்கு நின்றபின், மிச்சக் கொல்லை மார்கழிக் கடைசியில் ஒரே மூச்சாகப் பூத்துத் தள்ளியது. தையில் எங்கள் கல்யாணம். மணவறை, வாசல், சாப்பாட்டுப் பந்தல் போக மிச்சமிருந்ததை ஜெனரேட்டருக்கும் மாலையாகப் போட்டார்கள்.

அந்த டிரைவர் இப்போதும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. வருஷம் ஒருமுறை இறங்கி வந்து முதல் பூவை வாங்கிக்கொள்கிறது. நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வாளியைத் தூக்கினாலும் சரி, உப்புமா கிளற அடுப்பைப் பற்றவைத்தாலும் சரி, சங்கீதா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொல்வாள்:

"ஒரு மூலைய மட்டும் விட்டு வெச்சிடுங்க. வித்தியாசம் தெரியணுமில்ல?"