மோட்டாருக்குப் போட்ட மாலை

வீட்டுக்குப் புதுசாக எது வந்தாலும் அதற்கு ஒரு மாலை போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சைக்கிள், கிரைண்டர், பக்கத்து வீட்டுக்காரரின் வாஷிங் மெஷின் (அவர் கேட்கவில்லை) எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். மயிலாப்பூரில் பூக்கடை வைத்திருப்பவன் நான். எட்டாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை, பக்திதான் ஏறியது.

என் மனைவியின் தம்பி குமாருக்கு நொச்சிக்குப்பத்தில் ஃபைபர் படகு. என்ஜின் சத்தத்தில் காது மந்தம், புகையில் ஓயாத இருமல். அப்போதுதான் ஒரு கம்பெனி, பேட்டரியில் ஓடும் மோட்டாரைக் கொண்டுவந்தது. குப்பத்தார் முன்னால் நல்லபடியாக ஓடிக் காட்டினால் மோட்டார் குமாருக்கே. சொதப்பினால் வேறு குப்பத்துக்குப் போய்விடும்.

"நீயே ஒரு பூஜை போட்டுக் குடு மாமா," என்றான்.

சாமந்தி மாலை கட்டினேன். கடல் காற்றில் அறுந்தால் அபசகுனம் என்று, வாழைநாரை விட்டுவிட்டு நைலான் நூலில் கட்டினேன். கற்பூரம் காட்டி மோட்டாரின் கழுத்தில் போட்டேன். பேட்டரிக்குப் பாலாபிஷேகமும் செய்திருப்பேன், கம்பெனி இன்ஜினியர் தம்பி குறுக்கே விழுந்து தடுத்துவிட்டார்.

படகே ஓட்டத் தெரியாதவர்கூட இதை ஓட்டலாம் என்று காட்ட அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. குப்பமே என்னைக் கைகாட்டியது.

கைப்பிடியை முறுக்கினேன். படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. துளி சத்தம் இல்லை. இன்ஜினியர் படகில் இருந்தபடியே கரையை வீடியோ எடுத்தார். குமார் முன்னால் நின்று கூட்டத்துக்குக் கையாட்டினான். அலை தாண்டியதும் நான் கண்ணை மூடிக் கபாலீஸ்வரரை நினைத்துக்கொண்டேன். அப்படியோர் அமைதி! கருவறை முன்னால் நிற்பதுபோல் இருந்தது.

"மாமா, இன்னா கம்முனு குந்திக்கினு கீற? முறுக்கு!"

"முழுசா முறுக்கித்தான்பா வெச்சிருக்கேன்."

"அப்பறம் இன்னாத்துக்குப் படகு பட்டினப்பாக்கம் பக்கமா போவுது?"

மோட்டார் எப்போதோ நின்றுபோயிருந்தது. அது ஓடியபோதும் சத்தமில்லை, நின்றபோதும் சத்தமில்லை. இரண்டையும் நான் ஒரே பக்தியோடு அனுபவித்திருக்கிறேன்.

குமார் மோட்டாரைத் தூக்கிச் சாய்த்தான். கழுத்தில் இருந்த மாலை நழுவி, அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றி, பந்தாக இறுகியிருந்தது. இன்ஜினியர் கத்தியால் அறுத்துப் பார்த்துக் களைத்தார்.

"யாருங்க கட்டுனது? அறுக்கவே முடியல!"

(அந்த நிலைமையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.)

குமார் என்னைப் பார்த்து இருமினான். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

புகை கக்கிக்கொண்டு ஒரு பழைய என்ஜின் படகு வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. அதிலிருந்தவர் பூவையும் என் நெற்றி விபூதியையும் பார்த்தார். "இன்னா நைனா, தெப்பத் திருவிழாவா?"

கரையோரத்தில் நூலை ஒருவழியாக உருவி எடுத்து, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கினார் இன்ஜினியர். ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றியது. "பாத்தீங்களா? சிக்குனா கருகிப் போகாம தானா நின்னுடும்!" என்று கூட்டத்துக்கு விளக்கினார். அதைக் காட்டத்தான் என்னை அழைத்துவந்ததுபோல் இருந்தது அவர் பேச்சு.

குப்பத்துத் தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "மோட்டார் பாஸு. மாமாதான் பெயிலு."

மோட்டார் குமாருக்கே கிடைத்தது. இப்போது இருமல் குறைந்திருக்கிறது, எல்லாம் ஈசன் கருணை.

என் தியானம்தான் போயிற்று. காலையில் சாமி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாங்க, ஓடிக்கினு கீதா, நின்னுபோச்சா?"

"ஓடுது, ஓடுது," என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த மந்திரத்துக்குப் போகிறேன்.