ஆட்டோட வரேன்மா

ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுப்பார்கள். சேற்றில் ஊர்ந்து போகப் பயிற்சி, காட்டில் சத்தம் வராமல் நடக்கப் பயிற்சி, சட்டையில் மடிப்பு கலையாமல் இஸ்திரி போடப் பயிற்சி. அம்மாவிடம் போனில் எப்படிப் பேசுவது என்பதற்கு மட்டும் பயிற்சி கிடையாது. அந்த ஒரு குறையால்தான் அரசாங்கத்தின் சீருடை அணிந்த ஒருவரை நானே கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போய் வெட்டுக்கத்தி முன்னால் நிறுத்தினேன். (கயிறா என்று கேட்காதீர்கள். சொல்கிறேன்.)

அவர் பெயர் கிலாட். மலாயில் மின்னல் என்று அர்த்தம். வெள்ளை வெளேர் என்ற உடம்பு, வளைந்த கொம்பு, அளவான தாடி. எங்கள் படைப்பிரிவின் ராசிச் சின்னம், மாஸ்கோட், அவர்தான். அணிவகுப்பு என்றால் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் நடப்பார். கோட்டின் கையில் ஒரு பட்டை இருக்கும். அதாவது லான்ஸ் கோப்ரல். நான் சாதாரண பிரைவட். கிலாட் ஓர் ஆடுதான், ஆனாலும் என்னைவிட ஒரு படி மேல்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு எப்படி வந்தது என்றால், வாயால் வந்தது. "ஆடு வளர்த்த அனுபவம் யாருக்கு இருக்கிறது?" என்று சார்ஜன் கேட்டார். டுரியான் துங்கால் பக்கம் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவன் என்றாலும், ஆட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஆட்டுக்கறிப் பெரட்டல் வரைக்கும்தான். ஆனால் ஆட்டைப் பார்த்துக்கொள்பவனுக்குக் காலை ஓட்டம் கிடையாது என்று சொன்னார்கள். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

வீட்டில் இதைச் சொல்ல முடியுமா? "மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பினேன், ஆடு மேய்க்கிறான்" என்று அம்மா எப்படி வெளியே சொல்லும்? அதனால் ஓர் ஆபிசருக்கு மெய்க்காவலனாக இருக்கிறேன் என்று அடித்துவிட்டேன். அம்மா அதைத் தோட்டம் முழுக்க, கோழிக்கறி வாங்கப் போன பாசாரில்கூட, பரப்பிவிட்டது. "பெரிய ஆபிசராம். என் மவன் இல்லாம அவரு ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டாராம்." (இது முழு உண்மை.)

கிலாட்டின் பயிற்சி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருமுறை அணிவகுப்பில் மழை பிடித்துக்கொண்டது. அவர் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்ப, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த விருந்தினர் அத்தனை பேரும் நனைந்துபோனார்கள். அன்றிலிருந்து சார்ஜன் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டார். "செடியா!" என்றால் கிலாட் விறைப்பாக நிற்க வேண்டும். மேலே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் அசையக் கூடாது. "செனாங் டிரி!" என்று இளைப்பாறச் சொன்ன பிறகுதான் சிலுப்பலாம். மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டார். நான் விறைப்பாக நிற்கக் கற்றுக்கொள்ள ஆறு மாதம் ஆனது.

அன்று சனிக்கிழமை. மறுநாள் முகாமில் பெரிய அணிவகுப்பு. கிலாட்டுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அலோர் காஜாவில் ஒரு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனோம். வண்டி ஓட்டியவர் பாங் ஹாமிட், மலாய்க்காரர், தங்கமான மனுஷன். டாக்டர் குளம்பைச் சீவி, பல்லைப் பார்த்து, சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். வண்டியில் ஏறும்போது அம்மாவின் போன் வந்தது.

"டேய் குணா, இன்னிக்கு நம்ம முனியாண்டி கோயில் பூசைடா. தோட்டமே வந்திருக்கு. நீ மட்டும் வரலேன்னா நல்லாவா இருக்கு?"

"வேலையில இருக்கேன்மா."

"எங்க இருக்க?"

"அலோர் காஜாவுல. ஆட்டோட இருக்கேன்." (நாக்கு தவறியது. மெய்க்காவலன் வாயில் ஆடு வந்திருக்கக் கூடாது.)



"ஆட்டோடவா?"

"ஆமாம்மா," என்று சமாளித்தேன். "நல்ல ஆடு. இப்பத்தான் டாக்டர்கிட்ட காட்டினேன். ஒரு கொறையும் இல்லேன்னு எழுதியே குடுத்துட்டாரு."

"என் ராசா!" அம்மாவின் குரல் தழுதழுத்தது. "கூட்டிட்டு வாடா. நேரா கோயிலுக்கே கூட்டிட்டு வா!"

"சரி, ஆட்டோட வரேன்மா."

ஏன் ஆடு என்றுகூடக் கேட்காமல் அம்மா இவ்வளவு சந்தோஷப்படுகிறதே என்று நான் பூரித்துப்போனேன், மடையன். நான் பட்டாளத்தில் சேர்ந்தால் முனியாண்டிக்கு ஓர் ஆடு கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஒவ்வொரு லீவிலும் ஞாபகப்படுத்தும். நானும் "பாக்கலாம்மா, பாக்கலாம்மா" என்று நழுவிக்கொண்டே இருந்தேன். அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. சீருடையோடு தோட்டத்தில் இறங்கினால் எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது.

பாங் ஹாமிட்டைக் கெஞ்சினேன். "செபுலு மினிட் சாஜா," பத்தே நிமிடம் என்று விரலைக் காட்டி எச்சரித்தார். என்னையும் கிலாட்டையும் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, முச்சந்திக் கடையில் தே தாரேக் டீ குடிக்கப் போனார். வெயில் கொளுத்தியதால் கிலாட்டின் கோட்டைக் கழற்றி வண்டியிலேயே விட்டிருந்தேன். கோட்டு இல்லாத லான்ஸ் கோப்ரல் பார்ப்பதற்கு எப்படி இருப்பார் என்று நான் யோசிக்கவில்லை.

வரவேற்பு என்றால் அப்படி ஒரு வரவேற்பு. பெண்கள் ஓடி வந்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரத்தி எடுத்தது. எனக்கு என்றுதான் நினைத்தேன். தட்டு கொஞ்சம் கீழே, கிலாட்டின் மூக்கு மட்டத்தில் சுற்றியதைக் கவனித்திருக்க வேண்டும்.

என் அத்தை சரசு கயிற்றை வாங்கிக்கொண்டது.

"அத்தை, வெயில்ல வந்திருக்காரு. கொஞ்சம் தண்ணி காட்டுங்க."

"தண்ணியெல்லாம் பூசாரி பாத்துக்குவாருய்யா. நீ போயி பசியாறு."

எவ்வளவு பொறுப்பான மனிதர்கள் என்று மெச்சிக்கொண்டே பந்தலில் போய் உட்கார்ந்தேன். வடை வந்தது. பொங்கல் வந்தது. "உங்க ஆபிசரு வரலியா தம்பி?" என்று யாரோ கேட்டார்கள். "அவருக்கு நாளைக்குப் பெரிய பரேட்டு இருக்குங்க. வெளிய வாசல்ல எல்லாம் போக மாட்டாரு," என்று சொல்லி நான் இரண்டாவது வடையைக் கடித்தேன்.

அப்போது உருமி மேளம் வேகம் எடுத்தது. திரும்பிப் பார்த்தேன்.

கிலாட் முனியாண்டி சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை. உடம்பு முழுக்க மஞ்சள். நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். பூசாரி கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. பக்கத்தில் ஒருவர் வெட்டுக்கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரை ஊற்றி, ஆடு உடம்பைச் சிலுப்பினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். அடுத்த நொடி கத்தி இறங்கும். இது தோட்டத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கிலாட்டுக்குத் தெரியாது.

நடுவில் இருநூறு பேர். ஓடினால் எட்ட முடியாது. வாயில் பாதி வடை. அந்த வடையோடு, அடிவயிற்றிலிருந்து, முகாமில் கத்துவது போலவே கத்தினேன்.

"செடியாஆஆ!"

கிலாட் நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தூக்கி, விறைத்து நின்றார். பள்ளிக்கூடத்துக் கெடட் படையில் இருந்த பழக்கமோ என்னவோ, உருமி அடித்த இரண்டு பேரும் குச்சியைத் தொடையில் ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றார்கள். மேளம் நின்றது. தோட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கண் பிதுங்க, வாயோரம் வடைத்தூள் ஒட்டியிருக்க, உடம்பு நடுங்க நின்றேன்.

"ஆத்தாடி!" என்றது அத்தை. "குணா மேல முனி வந்துருச்சு! செடி கேக்குது!"

"என்னா செடி?"

"செடியா, செடியான்னு கேக்குதுல்ல? துளசியாத்தான் இருக்கும்லா. ஓடு, ஓடு!"

யாரோ துளசித் தொட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் நெற்றியில் விபூதி அப்பப்பட்டது. வாயில் ஒரு சுருட்டு சொருகப்பட்டது. பூசாரி கைகட்டி நின்றார். "சாமி, என்ன கொறை? சொல்லுங்க."

இப்போது எனக்கு இரண்டு வழி. ஒன்று, "இது பட்டாளத்து ஆடு, நான் ஆட்டுக்காரன்" என்று தோட்டத்தின் முன்னால் உண்மையைச் சொல்வது. இன்னொன்று, சாமியாகவே இருந்துவிடுவது. நான் எவ்வளவு பெரிய வீரன் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். சாமியாகவே இருந்துவிட்டேன்.

"இந்த ஆடு வேணாம்!" என்று உறுமினேன்.

"ஏன் சாமி? நல்லாத்தானே இருக்கு?"

"அது என் காவல்ல இருக்கு!" (பொய் இல்லை, கவனியுங்கள்.)

பூசாரி விவரமானவர். "எதுக்கும் ஒருதடவ உத்தரவு கேட்டுப் பாத்துருவோம்," என்று செம்பைக் கவிழ்த்தார். கிலாட் அசையவில்லை. இரண்டாவது செம்பு. அசையவில்லை. வாளி வந்தது. தாடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, நேராகப் பார்த்தபடி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அம்மா மட்டும் அழுதது. "முனியையா, ரெண்டு வருசம் தாமசமானதுக்கா கோவம்? என் புள்ளைக்காகத்தானே வேண்டிக்கிட்டேன். வேணாம்னு தள்ளிட்டியே," என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பியது.

 அவமானமாக இருந்தது. தப்புச் செய்தவன் நான், மன்னிப்புக் கேட்பது அம்மா. அதுவும் என் எதிரிலேயே, என்னைச் சாமி என்று நினைத்துக்கொண்டு. சுருட்டை எடுத்துவிட்டு "அம்மா" என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் பாங் ஹாமிட் வந்துவிட்டார். பத்து நிமிடம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கையில் பச்சைக் கோட்டு. கூட்டத்தை விலக்கிப் பார்த்தால், தெப்பலாக நனைந்து விறைத்து நிற்கிறார் கிலாட். இரக்க குணம் உள்ள மனுஷன், என்ன செய்வார்?

"காசியான் டியா!" பாவம்டா அவர், என்று சொல்லிவிட்டு, "செனாங் டிரி!" என்றார்.

கிலாட் சிலுப்பினார். கொம்பிலிருந்து வால் வரைக்கும், அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துச் சிலுப்பினார். பூசாரி மஞ்சளானார். அத்தை மஞ்சளானது. கூட்டம் குலவை போட்டது. "உத்தரவு கெடச்சிருச்சு!" கத்திக்காரர் ஓர் எட்டு முன்னால் வந்தார்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. கிலாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தேன்.

"வெட்டாதீங்க! அம்மா, இவருதாம்மா என் ஆபிசரு!"

 பாங் ஹாமிட் ஒன்றும் புரியாமல் வந்து கிலாட்டுக்குக் கோட்டை மாட்டிப் பொத்தானும் போட்டார். அத்தை குனிந்து கோட்டின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தது.

"அப்ப நீ காவல் காக்குற பெரிய ஆபிசரு..."

"ஆமா அத்தை."

"இவருதானா?"

"ஆமா அத்தை. சாமியெல்லாம் வரல. ஆடு பாத்துக்கிற வேலைதான்."

முதலில் சிரித்தது உருமிக்காரர்கள். பிறகு தோட்டமே சிரித்தது. கத்திக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசாரியிடம் போனது.

"அப்ப என் வேண்டுதல்?"

பூசாரி யோசித்தார். "ஆடு சிலுப்பிடுச்சு. சாமி ஏத்துக்கிச்சு. அதத் திருப்பி எடுத்துட்டுப் போறதுன்னா, ஈடா ஒண்ணு குடுத்துத்தாம்மா ஆகணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கை என்னை அறியாமல் கழுத்தைத் தடவியது.

"தலைமுடியத்தான் கேக்குறேன், பயப்படாத," என்றார் பூசாரி. என் தலையைத் திருப்பிப் பார்த்தார். பட்டாளத்துக் கிராப்பு. "இதுல எடுக்கறதுக்கு என்னா இருக்கு?" என்று முனகிக்கொண்டே சவரக்கத்தியைத் தேய்த்தார். ஐந்து நிமிடத்தில் மொட்டை. அம்மாவே சந்தனத்தை அள்ளி என் தலையில் பூசியது. பூசிக்கொண்டிருக்கும்போதே அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. நின்றபாடில்லை. "ஏண்டா, ஆடுன்னா ஆடுன்னு சொன்னா நான் என்னா கோவிச்சுக்கவா போறேன்?" என்று மொட்டையில் செல்லமாக ஓர் அடி வைத்தது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மஞ்சள் போகவில்லை. முகாமில் தட்டு கழுவும் சோப்பு, துணி துவைக்கும் சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தும் கிலாட் எலுமிச்சம்பழ நிறத்திலேயே மின்னினார். மறுநாள் காலை அணிவகுப்பில் கமாண்டர் எங்கள் முன்னால் வந்து நின்றார். கிலாட்டைப் பார்த்தார். என் மொட்டையைப் பார்த்தார். மறுபடி கிலாட்டைப் பார்த்தார்.

"என்ன இது?" என்று மலாயில் கேட்டார்.

"மஞ்சள், துவான்! உண்ணிக்கு மருந்து, துவான்!"

"உனக்குமா?"

"எனக்கும்தான், துவான்!"

அவருடைய மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த நொடியில் முகாமின் புகைப்படக்காரர் கிலாட்டையும் என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஆட்டுக்காரன் என்ற சலுகை போய், காலை ஓட்டம் எனக்கு மட்டும் இரட்டிப்பு.

அந்தப் படம் இன்றைக்கும் அம்மா வீட்டு ஹாலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. நான் ராணுவத்தை விட்டு வந்தாயிற்று, கல்யாணம் ஆகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், என் கல்யாணப் படம்கூட அதற்குக் கீழேதான். யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா தே ஆற்றுவதற்கு முன்னால் அவர்களை அங்கே நிறுத்திவிடும். போன வாரம் என் மகளின் வகுப்பு டீச்சர் வந்திருந்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை நீட்டிக் காட்டியது.

"இந்தா, இந்தப் பக்கம் நிக்கிறாரே, அவரு பட்டாளத்து ஆபிசரு. அந்தப் பக்கம் மொட்டையா நிக்கிது பாருங்க, அது என் நேர்த்திக்கடன்."