அவுக என்பவரின் முந்நூற்றுப் பதினொரு மனைவிகள்

“உங்கள் கணவரின் பெயர் என்ன?”

வெண்மதில் நாட்டின் துணையாய்வாளர் இப்படிக் கேட்டதும் முத்துராக்கு தலையைக் குனிந்துகொண்டாள். உப்பாற்றின் தென்கரையில், அவள் பிறந்து வளர்ந்த பக்கத்தில், பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வடகரையில் இருந்த வெண்மதில் நாட்டில் அது யாருக்கும் தெரியாது.

“அவுக பேரா?” என்றாள் முத்துராக்கு.

ஆய்வாளர் மனுப் படிவத்தில் ‘அவுக’ என்று அழகாக எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். “அவுக. சரிதானே?”

“அவுகதாங்கய்யா,” என்று சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக வந்தது. முத்திரை விழுந்தது.

அந்த நாட்டைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. மதில் எப்போதும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மழை பெய்தால் கறுக்கும், வெயில் அடித்தால் உரியும். ஆகவே வருடம் முழுவதும் யாராவது சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்நாட்டார் சாரத்தில் ஏறமாட்டார்கள். தலை சுற்றும் என்று அவர்களுக்கு மருத்துவச் சான்று இருந்தது. அதனால் தென்கரையிலிருந்து பெண்களை அழைத்து வந்தார்கள். ஐந்து வருடம் வெள்ளையடித்தவள் ‘நிலைக்குடி’ ஆவாள். நிலைக்குடி ஆனவள் தன் புருஷனை அழைத்துக்கொள்ள மனுப் போடலாம். மனுவுக்கு உரிய காலத்தில் பதில் வரும். உரிய காலம் என்றால் எவ்வளவு என்று ஒருத்தி கேட்டதற்கு, “பதில் வருகிற காலம்” என்று துறை எழுத்துமூலம் தெளிவுபடுத்தியிருந்தது.

முத்துராக்கு நின்ற சாரப் பலகையில் சிகப்பியும் நின்றாள். சிகப்பி மூத்தவள். அவளுடைய மனு மூன்று வருடம் பழையது. தென்கரைப் பெண்களிலேயே முதன்முதலாக மனுப் போட்டவள் அவள்தான். இருவரும் ஒரே அறையில் தங்கினார்கள், ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சினார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு பேர் பங்குக்கும் சுண்ணாம்பு மட்டை பிடிப்பாள். ஆனாலும் தபால் வருகிற நாளில் முத்துராக்குக்கு இரண்டு கவலைகள். தன் புருஷன் வருவானா என்பது இரண்டாவது. சிகப்பியின் புருஷன் முந்திக்கொள்வானோ என்பது முதலாவது.

“என்னக்கா, காகிதம் வந்துச்சா?”

“வந்துச்சுத்தா. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ன்னு.”

“எனக்கும் அதான் வந்துச்சு. உனக்கு எந்த நெறத்துல?”

“மஞ்ச. ஏன், உனக்கு?”

முத்துராக்குக்கு வந்தது வெள்ளைக் காகிதம். அவள் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினாள். அன்று முழுவதும் வெள்ளை மதிலிலும் அவளுக்கு அந்த மஞ்சளே தெரிந்தது.

பேச்சில் மட்டும் சிகப்பியைவிட அவள் பணக்காரி. புருஷன் சோணமுத்துவைப் பற்றிச் சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. வெயிலை நிமிர்ந்து பார்த்தால் அவனுக்குச் சரியாக மூன்று தும்மல் வரும். பச்சை மிளகாயைக் கடித்த பிறகுதான் கஞ்சியில் உப்பு போதுமா என்று சொல்வான். சிரிப்பு வந்தால் துண்டால் வாயை மூடிக்கொள்வான், பல் ஒன்று கோணல் என்பதால்.

“ஒன் ஆளு கதையைக் கேட்டா பொழுது போறதே தெரியலடி,” என்பாள் சிகப்பி. “எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்தாத்தான? வருசத்துக்குப் பத்து வார்த்தை. அதுலயும் பாதி மாட்டுக்கிட்ட.”

அப்போது தேர்தல் நெருங்கியது. துணைகள் நலத்துறைக்குப் புதிய அமைச்சர் வந்தார். வேலையை விரைவுபடுத்துவதற்காக, மனுக்களை மனைவியின் பெயர்ப்படி அடுக்காமல் கணவனின் பெயர்ப்படி அடுக்கச் சொன்னார். எழுத்தர்கள் அடுக்கினார்கள். அடுக்கி முடித்தபோது முந்நூற்றுப் பதினொரு மனுக்கள் ஒரே கட்டாக வந்து நின்றன.

அமைச்சர் சபையில் எழுந்தார். குரல் தழுதழுத்தது.

“மாண்புமிகு உறுப்பினர்களே! ஒரு மனிதன். ஒரே ஒரு மனிதன். பெயர் அவுக. முந்நூற்றுப் பதினொரு பெண்களை மணந்து, முந்நூற்றுப் பதினொரு வழிகளில் நம் மதிலுக்குள் நுழையத் திட்டமிட்டிருக்கிறான்!”

நாடு நடுங்கியது. ஆளும் கட்சி அவுகவை ஒருபோதும் உள்ளே விடமாட்டோம் என்றது. எதிர்க்கட்சி, தாங்கள் வந்தால் இதைவிடக் கடுமையாக உள்ளே விடமாட்டோம் என்றது. கதவுகளுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டார்கள். அரண்மனை ஓவியர் எல்லா மனுக்களிலும் இருந்த அங்க அடையாளங்களைச் சேர்த்து அவுகவின் படத்தை வரைந்தார். நெட்டையாகவும் குட்டையாகவும் இருந்த அந்த மனிதனுக்கு முகத்தில் நாற்பது மச்சங்கள் இருந்தன. தலையின் ஒரு பாதி வழுக்கை. அந்தப் படத்தை முச்சந்திகளில் ஒட்டினார்கள். குழந்தைகள் சோறு உண்ண மறுத்தால் அதைக் காட்டினார்கள்.

இருளாயி என்பவளுக்கு மட்டும் ஒரு துணிச்சல் வந்தது. அலுவலகத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு, தன் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

“அவுகன்னா பேரு இல்லங்கய்யா. மருவாதிக்குச் சொல்றது. எம் புருசன் பேரு கருப்பணன்.”

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, முதலில் அவுக என்றீர்கள். இப்போது கருப்பணன் என்கிறீர்கள். ஆக, உங்களுக்கு இரண்டு கணவர்கள். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது.”

மறுநாளே இருளாயியை ஆற்றைத் தாண்டி அனுப்பிவிட்டார்கள். அவள் மனுவைக் கட்டிலிருந்து எடுக்க எழுத்தருக்கு அதிகாரம் இல்லாததால் எண்ணிக்கை முந்நூற்றுப் பதினொன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

தேர்தலில் ஆளும் கட்சியே வென்றது. வென்ற மகிழ்ச்சியில் அமைச்சர் கருணை காட்டினார். அவுக உள்ளே வரலாம். ஒருவர்தானே. ஆனால் உண்மையான மனைவியிடம் மட்டுமே வரலாம். உண்மையான மனைவி யார் என்று கண்டுபிடிக்கும் முறையையும் அவரே வகுத்தார்.

“அன்பை நடிக்கலாம். கண்ணீரை நடிக்கலாம். பொறாமையை நடிக்க முடியாது. தன் கணவனுக்கு வேறு மனைவிகள் உண்டு என்று கேட்டவுடன் எவள் எரிகிறாளோ, அவளே மனைவி!”

பெண்களை ஒரு பெரிய மண்டபத்தில் கூட்டி, “உங்கள் அனைவருக்கும் ஒரே கணவர்” என்று அறிவித்தார்கள். மூக்கு எவ்வளவு விடைக்கிறது என்று அளக்க, அடிக்கோலோடு அலுவலர்கள் வரிசையாக நின்றார்கள். பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வாங்க சக்களத்தி, சொகமா?” என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். சிரித்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, மாலைக்குள் அவர்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. முறைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். சில நாளில் பழகவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அனுமதி ஒன்றே ஒன்று என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கிணற்றடியில் எவளாவது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால், அவளுக்கு ஏதோ காகிதம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது ஆணை வந்தது. ஒவ்வொருத்தியும் அவுகவின் தனிப்பட்ட பழக்கங்களைச் சபை முன்னால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எவள் சொல்லும்போது எவள் எரிகிறாள் என்று பார்த்துக் குறிப்பார்கள்.

சிகப்பியின் முறை வந்தது. முத்துராக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

“அவுகளுக்கு வெயில அண்ணாந்து பாத்தா தும்மல் வரும்ங்கய்யா,” என்று சிகப்பி தொடங்கினாள். “மூணு. நாலாவது வராது.”

அலுவலர்கள் ஆவலோடு எழுதினார்கள்.

“பச்ச மொளகாயக் கடிச்சிட்டுத்தான் உப்புப் பத்துமான்னு சொல்லுவாக. சிரிச்சா துண்டால வாயப் பொத்திக்குவாக. ஒரு பல்லு கோணலு. எனக்கு அந்தப் பல்லுதான் ரொம்பப் பிடிக்கும்.”

கடைசியாகச் சொன்னது முத்துராக்கு சொல்லிக் கேட்டது இல்லை. அது சிகப்பி சேர்த்துக்கொண்டது. அந்தக் கோணல் பல் தனக்குப் பிடிக்கும் என்பதை முத்துராக்கு சோணமுத்துவிடமே சொன்னதில்லை. சொல்லாமலேயே ஆற்றைத் தாண்டி வந்துவிட்டாள். இப்போது இன்னொருத்தி அதைச் சபையில் சொல்லிப் பேர் வாங்குகிறாள். எப்போது எழுந்தாள், எப்போது சிகப்பியின் கொண்டையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

“எம் புருசன்டீ! எம் புருசன் பல்லுடீ அது!”

“விடுடி, கூறுகெட்டவளே! எனக்குச் சொல்ல வேற என்னத்தடி இருக்கு?” என்று சிகப்பி தாழ்ந்த குரலில் கெஞ்சினாள்.

அடிக்கோல் வைத்திருந்தவர்கள் ஓடி வந்து முத்துராக்கின் மூக்கை அளந்தார்கள். அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். “எரிகிறது! எரிகிறது!”

ஒரு காகிதத்தை நீட்டினார்கள். சிகப்பி என்பவள் பொய் மனைவி என்றும், அவளை நாட்டை விட்டு அனுப்பக் கோருவதாகவும் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அவுகவுக்கு அழைப்புப் போகும், அவன் உள்ளே வந்த கணமே நிலைக்குடி ஆவான். காகிதம் மஞ்சள் நிறம். முத்துராக்கு ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்கவில்லை. அறைக்குத் திரும்பியபோது சிகப்பியின் பாயைக் காவலர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கான கஞ்சி அடுப்பில் ஆறிக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. அடுத்த ஏழு நாளும் தனியாகவே பலகையில் நின்று வெள்ளையடித்தாள். கோபம் மூன்றாம் நாளே தணிந்துவிட்டது. ஆனால் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் அந்த நாட்டில் அச்சடிக்கப்படவே இல்லை.

எட்டாம் நாள் மதில் வாசலில் மேளம் வைத்தார்கள். மாலையும் கையுமாக முத்துராக்கை நிறுத்தினார்கள். ஆற்றில் ஓடம் வந்தது. ஆளை இறக்கிவிட்டு அதே ஓடம் சிகப்பியை ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்பதால் அவளும் மூட்டையோடு ஒரு ஓரமாகக் காவலில் நின்றாள். அவள் முத்துராக்கின் பக்கம் திரும்பவில்லை.

ஓடத்திலிருந்து ஒருவன் இறங்கினான். ஒல்லியான ஆள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். வெயிலை நிமிர்ந்து பார்த்தான். தும்மவில்லை.

அவன் சிகப்பியைக் கண்டான். “ஏ சிகப்பி!” என்று கூப்பிட்டு, மேளச் சத்தத்தையும் காவலர்களையும் மறந்து அவளை நோக்கி நடந்தான். காவலர்கள் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்கள்.

“அவள் உங்கள் மனைவி இல்லை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது. உங்கள் மனைவி இங்கே நிற்கிறார்.”

எல்லா மனுக்களும் ஒரே கட்டாக இருந்தன. கட்டின் மேலே இருந்தது மிகப் பழைய மனு, சிகப்பியுடையது. அழைப்பு அதில் இருந்த முகவரிக்குப் போயிருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

முத்துராக்குக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் முதலில் வந்தது வெட்கமில்லாத அதே எரிச்சல்தான்: கடைசியில் இவள் புருஷன்தான் முந்திக்கொண்டான். அதற்குப் பிறகுதான் மாலையை மண்ணில் போட்டாள்.

“அய்யா, தப்பு நடந்துபோச்சு! இவுக எம் புருசன் இல்ல. அந்தா நிக்கிறாளே, அவ புருசன். அவதான் இவுக பெண்டாட்டி. நாந்தாங்கய்யா பொய் சொன்னேன்!”

அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ரசித்தார்.

“கேட்டீர்களா? இதற்குப் பெயர்தான் ஊடல்! இத்தனை வருடம் காக்கவைத்த கணவனைப் பார்த்ததும், ‘நீ என் கணவனே இல்லை’ என்கிறாள். போலி மனைவி மாலையைப் போட்டிருப்பாள். மெய்யான மனைவியால் மட்டுமே இப்படி மறுக்க முடியும். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?”

கூட்டம் ஆரவாரித்தது. சில மூதாட்டிகள் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். எழுத்தர் ஒல்லி மனிதனின் கையைப் பிடித்து முத்திரை குத்தினார். நிலைக்குடி ஆனவர் ஐந்து வருடத்துக்கு மதிலுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது என்ற விதியையும் கணீரென்று வாசித்துக் காட்டினார்.

“நான் அவகூடப் போறேன்ங்க,” என்றான் அந்த மனிதன். அவன் குரல் யாருக்கும் கேட்கவில்லை. மேளக்காரர்கள் மறுபடி தொடங்கியிருந்தார்கள்.

“அக்கா!” என்று கத்தினாள் முத்துராக்கு. “அக்கா, நீயாச்சும் சொல்லேன்! இவுக ஒன் வீட்டுக்காரருன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா!”

சிகப்பி மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தன் புருஷனின் கையில் ஈரம் காயாத முத்திரையைப் பார்த்தாள். மண்ணில் கிடந்த மாலையைத் தாண்டி, அது கால்விரலில் படாதபடி, நடந்தாள். ஓடத்தில் ஏறி, தென்கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். ஓடக்காரன் கழியை ஊன்றினான்.