இவரின்ர காலும் ஒரு சோடி ஸ்கேற்றும்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். இவருக்கு ஐசில ஹொக்கி விளையாடுற ஸ்கேற் சப்பாத்து ஒரு சோடி வாங்கவேணும்.

கடை வில்லரே எண்ட இடத்தில, எங்கட வீட்டில இருந்து ரெண்டு பஸ் தரிப்பு. பத்து மணிக்குப் போனா பதினொரு மணிக்கு வந்து மீன்குழம்பு வைக்கலாம் எண்டு யோசிச்சனான்.

ஏன் திடீரெண்டு ஸ்கேற் எண்டு சொல்லவேணும். இவர், அதாவது என்ர மனுசன், துறைமுகத்துக்குப் பக்கத்தில ஒரு வெயார்ஹவுசில எட்டு வருசமா வேலை செய்யிறார். அவரோட வேலை செய்யிற ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை காலமையில ஹொக்கி விளையாடுவினம். திங்கக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில அதுதான் கதை. இவர் மட்டும் சோத்துப் பெட்டியைத் திறந்து வச்சு, தலை நிமிராமச் சாப்பிட்டுட்டு வருவார்.

போன கிழமை அவையின்ர கப்டன் மிஷேல் இவரை முதல்முறையாக் கூப்பிட்டிருக்கிறார். "ஞாயிறு எட்டு மணிக்கு வா. ஹெல்மெற்றும் மட்டையும் நாங்கள் தாறம். ஸ்கேற் மட்டும் கொண்டு வா."

இதைச் சொல்லேக்க இவரின்ர முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும்! "ஸ்கேற் என்ர பொறுப்பு" எண்டு வாயை விட்டுட்டன்.

இவருக்கு ஸ்கேற்றிங் தெரியுமோ எண்டு கேக்காதேங்கோ. பிள்ளையள் சின்னனா இருக்கேக்க பார்க்கில வாடகைச் சப்பாத்தோட நிண்டவர். நிப்பார். கொஞ்சம் போவார். நிப்பாட்டத்தான் தெரியாது.

அவருக்கு சனிக்கிழமையும் வேலை. அதால அவரின்ர காலைக் கடைக்குக் கொண்டுபோக வழியில்லை. அதுக்கென்ன! வெள்ளிக்கிழமை பின்னேரம் செற்றியில படுத்திருந்த மனுசனை எழுப்பி, கடதாசியில நிக்க வச்சு, பென்சிலால ரெண்டு காலையும் சுத்திக் கீறினன். "கூசுதப்பா!" எண்டு துள்ளினவர். எங்கட சனத்துக்கு இது தெரிஞ்ச வித்தை. இஞ்சயிருந்து ஊருக்கு ஆர் சப்பாத்து அனுப்பினாலும், முதல்ல அங்கயிருந்து கால் கீறின கடதாசிதான் வரும்.

கடையில ஒரு பிள்ளை. இருபது வயசு இருக்கும். "பொன்ஷூர்" எண்டு வணக்கம் சொல்லி, கதிரையைக் காட்டி, "காலை வையுங்கோ மதாம்" எண்டுது.

"எனக்கில்லை. என்ர மனுசனுக்கு."

"அவரின்ர கால் எங்க?"

"கால் வேலைக்குப் போட்டுது" எண்டு சொல்லிக் கடதாசியை நீட்டினன்.

அது கடதாசியைப் பாத்துது. என்னைப் பாத்துது. பேந்து உள்ளுக்குப் போய் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துது. மூண்டு பேரும் இவரின்ர காலைச் சுத்தி நிண்டு பாத்தினம். மனுசன் வீட்டில கூட இவ்வளவு மரியாதை கண்டிருக்கமாட்டார்.

"சாதாரணமா என்ன சைஸ் சப்பாத்து?"

"ஒன்பதரை. ஆனா நீங்கள் பத்தரை தாங்கோ. காலில ரெண்டு மேசு போடவேணும், கம்பளிச் சொக்ஸ்."

"இல்லை மதாம். ஸ்கேற் சப்பாத்தை விடச் சின்னன்தான் எடுக்கவேணும். எட்டு. மேசும் ஒண்டுதான், மெல்லிசா."

ஒன்பதரைக் காலுக்கு எட்டோ! வெளியில மைனஸ் பதினெட்டு, உள்ளுக்கு மெல்லிசு மேசாம்! நான் விடுவனோ? பின்பக்கம் ஒரு விரல் போகவேணும் எண்டு நான் சொல்ல, குதிக்கால் அசையவே கூடாது, பெருவிரல் முன்பக்கத்தில மெல்ல முட்டவேணும் எண்டு அது சொல்ல, பத்து நிமிசம் போச்சு.

கடைசியில அந்தப் பிள்ளை எட்டாம் சைஸ் ஸ்கேற்றுக்குள்ள இருந்த அடித்தட்டை இழுத்தெடுத்து என்ர கடதாசிக்கு மேல வச்சுது. அச்சொட்டாப் பொருந்திச்சுது!

"பாத்தீரே, என்ர கீறல்!" எண்டன். அதுவரைக்கும் பத்தரைக்குச் சண்டை பிடிச்ச ஆளும் நான்தான்.

"நீளம் சரி. அகலமும் சரி. ஆனா காலுக்கு உயரமும் இருக்கு மதாம். கடதாசியில உயரம் இல்லை. அவரின்ர புறங்கால் உயரமோ, தட்டையோ?"

இருபத்திரண்டு வருசம் ஒரு வீட்டில இருந்திருக்கிறன். அந்தக் காலை நான் ஒருநாளும் பக்கவாட்டில பாத்ததில்லை. "சாதாரணக் கால்தான்" எண்டு அடிச்சுச் சொன்னன்.

"சரியில்லாட்டி அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்களிட்ட இதுக்கெண்டு ஒரு ஓவன், ஒரு போறணை இருக்கு. சூடாக்கினா ஸ்கேற் இளகி, காலின்ர வடிவத்துக்கு வரும். வீட்டில மட்டும் செய்யாதேங்கோ."

"சீச்சீ, வீட்டில ஆர் செய்வினம்!" எண்டு நான் சிரிச்சன். இதுக்குள்ள என்ர ஃபோனுக்கு மூண்டு வொய்ஸ் மெசேஜ் வந்திட்டுது. பேந்து கேப்பம் எண்டு விட்டுட்டன்.

அஞ்சரைக்கு இவர் வந்தார். ஸ்கேற்றைக் கண்டவுடன ஜக்கெற்றைக் கழட்டமுதல் காலை விட்டார். விரல் போச்சு. அரைவாசிக் கால் போச்சு. அங்கால போகேல்ல.

அப்பத்தான் அந்தக் காலைப் பக்கவாட்டில பாத்தன். கடவுளே! மேல ஒரு பேக்கரிப் பணிஸ் வச்ச மாதிரி புடைச்ச புறங்கால்.

"பரவாயில்லையப்பா" எண்டார். "மிஷேலுக்குச் சளி எண்டு சொல்லுறன்."

அதைக் கோவமாச் சொல்லியிருந்தாப் பரவாயில்லை. மெல்லமாச் சொல்லிப்போட்டு ஸ்கேற்றைத் திருப்பிப் பெட்டிக்குள்ள வச்சார். எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. கடை அஞ்சு மணிக்கே பூட்டியாச்சு. விடிஞ்சா மேட்ச்.

"கொண்டாங்கோ உதை!" எண்டன்.

எங்கட வீட்டுப் போறணையைப் பற்றிச் சொல்லவேணும். அது போறணை இல்லை, அலுமாரி. ரெண்டு தாச்சி, இடியப்பத் தட்டுகள், மூடியில்லாத சட்டி, சட்டியில்லாத மூடி எல்லாத்தையும் வெளியில எடுத்தன். சூடு திருப்புற நொப்பை ஆகக் குறைஞ்ச இடத்தில வச்சு, தட்டில ரெண்டு ஸ்கேற்றையும் படுக்க வச்சன். எட்டு நிமிசம் கண்ணாடியால எட்டிப் பாத்தபடி நிண்டன். நான் கேக் கூட இவ்வளவு கவனமா வச்சதில்லை.

இளகிச்சுது! கால் உள்ளுக்குப் போச்சு! கயிறை இழுத்துக் கட்டி, புது நிலம் கீறுப்படாம கால்மிதியை அடியில விரிச்சு, செற்றியில இருத்தினன்.

"கால் மணித்தியாலம் அசையாதேங்கோ. எழும்பினா வடிவம் மாறிப்போம்."

அப்ப பெல் அடிச்சுது.

கதவைத் திறந்தா மாதா. உண்மையாத்தான்! எங்கட கத்தோலிக்கக் கோயில் ஆக்கள் மாதாவின்ர சிலையை, அதுதான் சுருவத்தை, வீடு வீடாக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லுவினம். எங்கட முறை அடுத்த கிழமை. அண்டைக்கு முறையான வீட்டில எல்லாருக்கும் காய்ச்சலாம், அதால எங்கட வீட்டுக்கு மாத்தினவையாம். அந்த மூண்டு வொய்ஸ் மெசேஜும் அதுதான்.

ஜெயம் அக்கா முன்னால சுருவத்தோட, பின்னால எட்டுப் பேர். எல்லாரும் வாசலில சப்பாத்தைக் கழட்டி, வெறுங்காலோட பவ்வியமா உள்ளுக்கு வருகினம். வீட்டுக்காரர் நடு ஹோலில கத்தி பூட்டின சப்பாத்தோட இருக்கிறார்.

"என்ன பிள்ளை மணக்குது? சமையலோ?" ஜெயம் அக்கா கேட்டா.

"சப்பாத்தக்கா" எண்டு வாயில வந்திட்டுது.

அவ இவரைப் பாத்தா. "தம்பி ஏன் எழும்பேல்ல? காலுக்கு என்ன?"

விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் வரேல்ல. "காலில சின்னப் பிரச்சினை அக்கா" எண்டன். பொய்யில்லைத்தானே!

"ஐயோ பாவம்! எல்லாரும் கேளுங்கோ, தம்பியின்ர காலுக்காக இண்டைக்குச் செபமாலையில பத்து மணி கூடச் சொல்லுவம்."

தன்ர காலுக்காக ஒன்பது பேர் கண்ணை மூடி மன்றாடுறதைப் பாத்து இவருக்கு வெக்கம் தாங்கேல்ல. எழும்பிட்டார்! "இருங்கோ" எண்டு கண்ணால சொன்னன். பாக்கேல்ல. நேரா நிக்கவும் பயம், திருப்பி இருக்கவும் கூச்சம். கதிரையின்ர முதுகைப் பிடிச்சபடி, முழங்காலை மடிச்சு, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு அரைவாசி நிலையில நிண்டார். செபம் முடியும்வரை அப்பிடியே. ஸ்கேற்றும் அப்பிடியே ஆறி இறுகிப்போச்சு.

எல்லாரும் போன பிறகு, "எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டன்.

"குனிஞ்சு நிண்டாச் சுகமா இருக்கு. நிமிந்தா உயிர் போகுது."

அண்டைக்கு வச்ச மீன்குழம்பும் எனக்கு இறங்கேல்ல, ஒழுங்கா நித்திரையும் கொள்ளேல்ல. எட்டு வருசத்துக்குப் பிறகு கூப்பிட்டிருக்கினம், நான் அந்தக் காலைக் கெடுத்துப்போட்டன் எண்டு அழுகை வந்துது.

ஞாயிறு காலமை நானும் போனன். ஐசில இன்னும் மூண்டு புது ஆக்கள் தடி மாதிரி விறைச்சு நிண்டினம். மிஷேல் அவையைப் பாத்துத் தொண்டை கிழியக் கத்துறார். "முழங்காலை மடியுங்கோ! மடியுங்கோ!"

இவர் இறங்கினார். அரைவாசி நிலையில. வேற வழியில்லை, நிமிந்தா உயிர் போகும்.

மிஷேல் வாயைப் பிளந்தார். "இந்தா! இவரைப் பாருங்கோ! இப்பிடித்தான் நிக்கவேணும்! ஆர் உனக்குப் பழக்கினது?"

பேந்து இவர் ஏழு தரம் விழுந்தார். நிப்பாட்டத் தெரியாததால எல்லாத் தரமும் சுவரில முட்டித்தான் நிண்டார். ஆனா போகேக்க மிஷேல் முதுகில தட்டி, "அடுத்த கிழமையும் எட்டு மணி" எண்டிட்டுப் போனார்.

திங்கக்கிழமை வேலையால வந்தவுடன கேட்டன். "என்னப்பா, இண்டைக்குச் சாப்பாட்டு மேசையில கதைச்சனீங்களோ?"

"ஓம்! அரை மணித்தியாலம்!"

"மேட்சைப் பற்றியோ?"

"இல்லை, நாரி நோவை, இந்த இடுப்பு நோவைப் பற்றி. எல்லாருக்கும் நோவாம். எனக்குத்தான் ஆகக் கூட எண்டு ஒத்துக்கொண்டாங்கள்."

சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுச் சாப்பாடு எடுக்கக் குசினிக்குப் போன மனுசனின்ர முகத்தில, கப் வெண்ட சிரிப்பு.