கைக்கும் கழுத்துக்கும் நடுவில் நின்ற தாலி

வெண்ணந்தூர்,
திங்கட்கிழமை.

பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளை சித்தார்த் அவர்களுக்கு மாமனார் தீர்த்தகிரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை சித்ராவும் நான்கு தறிகளும் நலம். நீங்களும் மஞ்சுளாவும் நலமாக இருப்பீர்கள். இருந்தால்தான் இந்தக் கடிதத்தைத் தாங்க முடியும். போனில் சொல்லலாமே என்பீர்கள். வாயைத் திறப்பதற்குள் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பாருங்க.

விஷயம், படம், பாட்டு எல்லாம் ஏற்றி டிவியோடு இணைத்துவிட்டுப் போனீர்களே, அந்த சர்வர் பெட்டிதான். முதல் வாரம் பக்திப் படங்கள் ஜம்மென்று ஓடின. ஒரு வருஷம் கெஞ்சி வீடியோக்காரரிடம் வாங்கிய உங்கள் கல்யாண வீடியோவைப் போடப் போனால்தான் வினை. கெட்டிமேளம் வரைக்கும் முக்கி முனகி வருகிறது. நீங்கள் தாலியை எடுத்து மஞ்சுளா கழுத்துக்கிட்டே கொண்டுபோகிறீர்கள்; அங்கேயே படம் நின்று திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆச்சு, எங்க ஊட்டுல இன்னும் தாலி ஏறலீங்க.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தேன், உங்க முகமும் ஐயர் முகமும் ஒண்ணாப் போயி, "ஏனுங்க, தாலிய யாரு வெச்சிருக்கறது?"ன்னு உங்க அத்தை பதறிட்டா. கவனிப்பில் குறை வைத்தோம் என்று மட்டும் நினைக்காதீங்க. பெட்டியில் தறித் தூசி படக்கூடாதென்று உங்கள் அத்தை கெட்டித் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். ஆயுத பூஜைக்குத் தறிகளுக்கெல்லாம் சந்தனம் வைத்தபோது மாப்பிள்ளை கொடுத்த பெட்டியை விட்டால் மரியாதையா? பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி பக்கத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். ஒன்று விடாமல் வைத்தேன்.

அடுத்த வாரம் ஜேடர்பாளையத்திலிருந்து ஆராயி அக்கா வருகிறது. மஞ்சுளாவைத் தூக்கி வளர்த்த அக்கா. கால் உடைந்து கல்யாணத்துக்கு வர முடியவில்லை. "தாலி கட்டறதையாச்சும் கண்ணுல காட்டு சாமி"ன்னு கேட்டிருக்குது. அது முன்னால் தாலி பாதியில் நின்றால் எனக்கு மனசு தாங்காது. மண்டபமே அழுதபோதும் அசையாமல் நின்றவன் நான். அக்காவிடமும் அதைப் பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன். எனக்கே இப்போது கலக்கமாக இருக்கிறது. லீவு போட்டாவது ஒரு எட்டு வந்து சரிபண்ணிக் கொடுங்கள்.

குலசாமி உங்கள் இருவரையும், முடிந்தால் அந்தப் பெட்டியையும் காக்கட்டும்.

அன்புள்ள மாமா,
தீர்த்தகிரி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அக்கா வந்து இறங்கிவிட்டது. அடுத்த வாரம் வரைக்கும் பொறுக்க முடியலையாம். நல்லவேளை, தறி பார்க்க வந்த மெக்கானிக் இளவழகன் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "ஏனுங்க, இதுல இட்லியே வேகுமுங்க! மூச்சு உடற ஓட்டையப் பூராச் சந்தனத்துல அடச்சு, மேல சட்ட வேற போட்டு உட்டுட்டீங்க. இப்படிச் சூடானா எப்படிங்க ஓடும்?" என்று ஊசியால் சுரண்டிவிட்டான். ஆறியதும் வீடியோ ஓடியது. தாலி ஏறியது. உங்கள் அத்தை டிவி மேலேயே அட்சதை போட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்த நொடியே கேமராக்காரன் என் பக்கம் திருப்பியிருக்கிறான். ரெண்டு நிமிஷம் முழுசா, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறேன். அக்கா மூணு தரம் திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்துட்டு, "அசையவே இல்லைன்னியே சாமி" என்கிறது. ஆகவே நீங்கள் சரிபண்ண வர வேண்டாம். தாலி ஏறினதும் பெட்டி நின்னுபோக எத்தனை ஓட்டைக்குச் சந்தனம் வைக்கணும்னு மட்டும் உடனே எழுதுங்க.