ககனவேங்கை ஏன் வண்டி இழுத்தான்

பூந்தமல்லி,
ஆவணி மாதம், 1994.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும், என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி, மரியாதைக்குரிய மச்சான் உத்தமன் அவர்களுக்கு, பூந்தமல்லியிலிருந்து உன் அக்காள் புருஷன் முனுரத்தினம் சொல்லச் சொல்ல, அடுத்த வீட்டு ஞானகுமாரி டீச்சர் கைப்பட எழுதுவது என்னவென்றால், இங்கே நான், உன் அக்காள் ஜெகதாம்பாள், மகள் புஷ்பா மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக என்று போடட்டுமா என்று டீச்சர் கேட்டார்கள். உயிரோடு என்பதோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கக் கடவுள் துணை இருப்பார். எனக்குத் துணை இருப்பதாக யாரையும் காணோம்.

இத்தனை வருஷம் கழித்து இந்த ஆள் ஏன் கடிதாசு போடுகிறான் என்று பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாயோ என்ற பயத்தில்தான் உறைமேல் அனுப்புநர் பேரை எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிரித்தது பிரித்துவிட்டாய், கடைசிவரை படித்துவிடு. விஷயம் இதுதான். நம் புஷ்பாவுக்கு வரன் அமைந்துவிட்டது. மாப்பிள்ளை திருமழிசை எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிறார், பொடி பீடி கிடையாது, தங்கமான பையன். ஆவணி கடைசி முகூர்த்தம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பத்திரிகை அச்சடிக்கச் சொல்லிவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினேன், உன் அக்காள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "இன்னாய்யா, பத்திரிகையில தாய்மாமன் பேரு இன்னான்னு போடச் சொல்லப் போற?" என்றாள். நான் கூரையைப் பார்த்தேன். "கூரையில எழுதிக் கீதா?" என்றாள். பிறகு, "என் தம்பி வந்து நெத்தியில பட்டம் கட்டி, கையப் புடிச்சிக் கூட்டிகினு போய்க் குந்தவெச்சாத்தான் என் பொண்ணு மணையில குந்தும். இல்லாங்காட்டி நீயே கூரைப்புடவை கட்டிகினு போய்க் குந்திக்கோ" என்றாள். மச்சான், அவள் கத்தினால் எனக்குப் பயமில்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டுவருகிற சத்தம். அன்றைக்கு அவள் கத்தவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீயும் நானும் ஏன் பேசாமல் போனோம் என்று கேட்கிறவர்களிடம் நிலத் தகராறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கும் எனக்கும் சேர்த்து ஒரு முழம் நிலம் கிடையாது என்றாலும் அப்படிச் சொன்னால் ஒரு மரியாதை இருக்கிறது. ஒரு சினிமாவுக்காக என்று எந்த வாயால் சொல்வது? ‘ககனவேங்கை’ முதல் பாகம் வந்தபோது நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றவர்கள். கதாநாயகன் வேங்கை பகலில் தபால்காரன், ஆபத்து வந்தால் பலம் தரும் செப்புப் பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு வானத்தில் பறக்கிறவன். ரயிலை நெஞ்சால் நிறுத்தினானே, அப்போது நீ என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அதற்கப்புறம் தீபாவளிக்கு வந்தது பார், ‘மீண்டும் ககனவேங்கை’, அதுதான் வினை. நீ ஆவடியில் பார்த்தாய், நான் இங்கே கொட்டகையில் பார்த்தேன். நான் பார்த்ததை இப்போதும் கண் மூடினால் சொல்வேன். ஏரிக்கரை உடைகிறது. ஜனம் ஓ என்று கதறுகிறது. ககனவேங்கை வானத்திலிருந்து இறங்கிக் கரைமேல் நின்று செப்புப் பட்டையை அவிழ்க்கிறான். இதோ ஆரம்பிக்கப் போகிறான் என்று நாங்கள் எல்லோரும் பெஞ்சுமேல் ஏறி நின்றோம். அடுத்த காட்சி, நல்ல வெயில். அவன் பனியனும் லுங்கியுமாக ஒரு கைவண்டி நிறைய தர்பூசணிப் பழம் ஏற்றி இழுத்துக்கொண்டு போகிறான். முகத்தில் ஒரு சிரிப்பு. திரையில் ‘வணக்கம்’ வந்துவிட்டது. பறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. உடைந்த ஏரி என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பயந்துபோய்ப் பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்து பழ வியாபாரம் பண்ணுகிறான் என்றுதான் பூந்தமல்லி முழுக்கப் புரிந்துகொண்டது. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால், பச்சைச் சட்டை போட்ட ஒரு ஆள் கழற்றி வீசிய செருப்பு அந்தச் சிரிப்பின்மேலேயே போய் விழுந்தது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த வாரமே உன் வீட்டுக்கு வந்தபோது ஆவடி பஸ் ஸ்டாண்டில் நீ எனக்கு கோலி சோடா வாங்கிக் கொடுத்தாய். "மாமா, வேங்கை பாத்தியா? நான் அழுதுட்டேன் மாமா" என்றாய். நான், "நானும்தான், குடுத்த துட்டை நெனச்சு" என்றேன். "குவார்ட்டர்ஸே அழுவுது மாமா, திருநெல்வேலிக்காரன், சேலத்துக்காரன் எல்லாம் சேந்து அழுவுறான்" என்றாய். "ஃபேக்டரியில பட்டாளத்து டாங்கி ஓடுற சத்தம் கேட்டுக் கேட்டு உங்க எல்லாருக்கும் மூளை கலங்கிப்போச்சு" என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். அந்தப் படத்தைக் குப்பை என்று நீ ஒப்புக்கொள்ளும்வரை என் வீட்டு விசேஷத்தில் உன் கால் படக்கூடாது என்று நான் சொன்னேன். நல்ல படம் என்று நாலு பேர் முன்னால் நான் என் வாயால் சொன்னால்தான் வருவேன் என்று நீ சொன்னாய். பாதி சோடாவை வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அக்காள் பாவம், எந்தப் பக்கமும் பேச முடியாமல் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இனிமேல்தான் பயங்கரம். மாப்பிள்ளையின் தகப்பனார் கோவிந்தராஜ் என்பவர் நல்ல மனுஷர், வாட்டசாட்டமானவர், குரலெடுத்தால் தெருமுனை வரை கேட்கும். நிச்சயத்துக்கு வந்து உட்கார்ந்து, நகை நட்டு ஒன்றும் கேட்காமல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே முதல் கேள்வி கேட்டார். "அண்ணாத்தே, ஒண்ணே ஒண்ணு தெரியணும். உங்க சைடுல யாராவது அந்த வேங்கை ரெண்டாம் பாகம் நல்லாக்கீதுன்னு சொல்ற ஆளுங்க கீறாங்களா?" எனக்கு அப்போதுதான் முகம் பிடிபட்டது. கொட்டகையில் செருப்பை வீசிய அந்தப் பச்சைச் சட்டை! மச்சான், பொண்ணைப் பெற்றவன் அந்த இடத்தில் என்ன சொல்வான்? "ஒருத்தன் இருந்தான் சம்பந்தி, அவனை அறுத்து வுட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப ஜோரு, தட்டை மாத்துவோம்" என்றார். உன்னை அறுத்துவிட்டேன் என்று சொன்னதால்தான் தட்டு மாறியது. நீ வந்தால்தான் பெண் மணையில் உட்காரும். இதை யோசித்தாலே எழுந்து ஓடவேண்டியிருக்கிறது. டீச்சர், ஓடவேண்டியிருக்கிறது என்று மட்டும் போடுங்கள், எங்கே என்று வேண்டாம்.

இப்படி இருக்கும்போது, போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படத்தையே போடப்போகிறார்கள் என்று டீச்சர் சொன்னார்கள். பாட்டாவது நன்றாக இருக்கிறது, உடுப்பாவது நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல ஏதாவது ஒன்று கிடைக்குமா பார்க்கலாம் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னேன், சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், தெருவில் சைக்கிள் மணி அடித்தால்கூட எழுந்து சுவரோரம் நின்றுகொண்டேன். ஏரிக்கரை உடைந்தது. பட்டையை அவிழ்த்தான். இதோ தர்பூசணி வரப்போகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வரவில்லை மச்சான்! அந்தப் பட்டையைக் கல்மேல் வைத்து உடைக்கிறான். துண்டு துண்டாக்கி ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கிறான். சலவைக்காரருக்கு ஒரு துண்டு, இட்லி விற்கிற அம்மாளுக்கு ஒரு துண்டு, போன ரீலில் அவனைக் காட்டிக்கொடுத்த திருடனுக்கும் ஒரு துண்டு. துண்டு வாங்கினவருக்கெல்லாம் ஒரு பிடி பலம். அவனுக்குத்தான் ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் கைகோத்துக் கரையை அடைத்து நிற்கிறார்கள், கடைசியில் அவனும் வெறும் ஆளாக, குளிரில் பல் கிட்டிப்போய் நிற்கிறான். தண்ணீர் மோதுகிறது. ஒருத்தரும் கையை விடவில்லை. விடிகிறது. அப்புறம்தான் அந்த வெயில், அந்த வண்டி, அந்தச் சிரிப்பு. இத்தனை வருஷம் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய சிரிப்பு. "அண்ணே, அழுவுறீங்களா?" என்று டீச்சர் கேட்டார்கள். ஃபேன் காற்று என்றேன். ஃபேன் போடவில்லை என்றார்கள்.

நம் கொட்டகையில் அந்த ரீலைப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை, எனக்கு நினைவில்லை என்றால் அது ஓடவில்லை என்று அர்த்தம். விசாரித்துக்கொண்டு வானகரம் போனேன். அப்போது கொட்டகையில் மெஷின் ஓட்டிய ஆரோக்கியசாமி அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமா அண்ணாத்தே, படம் ரொம்ப நீளம். கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்னு ஐயப்பன்தாங்கல் ஜனம் பாதியில எழுந்து ஓடுது. ஒரு ரீலை எடுத்து ஓரமா வைய்யுன்னாரு மொதலாளி. சண்டை கீற ரீலைத் தூக்கினா ஜனம் என்னை ஒதைக்கும். அதான் சண்டை இல்லாத ரீலா பாத்துத் தூக்கினேன். ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலையே!" ஒருத்தனும் கேட்கவில்லையாம்! ஐயப்பன்தாங்கல்காரன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான், எனக்கு மச்சான் போய்விட்டான்.

ஆகையால் மச்சான், நீ அழுதது நியாயம். ஆவடி முழுக்க அழுதது நியாயம். நல்ல படம். இதை நான் இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாது. முடிவெட்டும் கடையில் இன்றைக்கும் எவனாவது சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்கினால் "இன்னா, தர்பூசணி விக்கப் போறியா?" என்றுதான் கேட்கிறார்கள். சம்பந்தி காதுக்குப் போனால் கல்யாணம் அன்றோடு முடிந்தது. உன்னைக் கூப்பிடாவிட்டால் உன் அக்காள் கையால் முடிந்தது. இரண்டு நாளாகத் தெருவில் யார் "அண்ணாத்தே" என்று கூப்பிட்டாலும் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுகிறேன். அதனால் ஒரு வழி யோசித்திருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயந்திரமே வந்துவிடு. மண்டபத்துக்குப் பின்னால், தேங்காய் துருவுகிற இடத்துக்கு வா. சமையல்காரரும் அவர் ஆட்கள் மூன்று பேரும் இருப்பார்கள், கணக்குக்கு நாலு பேர் ஆயிற்று. காஞ்சிபுரத்து ஆட்கள், இங்கே யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் முன்னால், நல்ல படம் என்று என் வாயால் சொல்கிறேன். உன் சபதமும் கெடாது, என் பெண் கல்யாணமும் கெடாது. சம்பந்தி பேச்சுக் கொடுத்தால் நீ சினிமாவே பார்க்கிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிடு. உன் வீட்டுக்காரியிடமும் சொல்லிவை. அவளும் அப்போது அழுதாள் என்று கேள்வி.

நீ வந்து பட்டம் கட்டினால் என் மகள் நன்றாக இருப்பாள். உன் பிள்ளைகள் படித்து, ஃபேக்டரியிலோ அதைவிடப் பெரிய இடத்திலோ உட்கார்ந்து, உனக்குக் கஞ்சி ஊற்றட்டும். உன் அக்காள் உன்னைப் பார்த்தால் முதலில் திட்டுவாள், அப்புறம் சோறு போடுவாள், இரண்டையும் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
பயத்துடன்,
பூந்தமல்லி முனுரத்தினம்
(இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: டீச்சர் எழுதினதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகை மாதிரியைக் காட்ட வந்த சம்பந்தி கோவிந்தராஜ், நான் எங்கே என்று என் வீட்டில் கேட்டுக்கொண்டு இங்கே டீச்சர் வீட்டுக்கு வந்தவர், ஜன்னலுக்கு வெளியே நின்று பட்டை உடைந்ததிலிருந்து சமையல்காரர் வரை அத்தனையும் கேட்டுவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நான் டீச்சர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னை அடிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சம்பந்தி, பட்டையை ஊருக்கே பிச்சிக் குடுத்தானா?" என்றார். குடுத்தான் என்றேன். "எல்லாருக்கும் பலம் வந்துச்சா?" வந்துச்சு என்றேன். பத்திரிகை மாதிரியைச் சுருட்டி முழங்காலில் தட்டினார். பிறகு, "காலையில அந்த வண்டியை இழுத்துகினு போறானே, அத்தினி பழம். அந்த ஊர்ல ஒருத்தனாவது பின்னால வந்து தள்ளினானா? அவங்ககிட்டதானய்யா பலம் கீது! துண்டை வாங்கிக்கினவன் ஒருத்தனும் திருப்பிக் குடுக்கல, கைகுடுக்கவும் வரல. இவன் ஒத்தையில மூச்சு வாங்கிகினு இழுக்குறான், இதுல இளிப்பு வேற. இத்த நல்ல படம்னு சொல்றானா உன் மச்சான்?" என்றார். மச்சான், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தோன்றாத கேள்வி இது. டீச்சரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் சம்பந்தி சொல்வது சரி. அப்போது ஒரு ரீல் குறைவாகப் பார்த்து மோசம் என்றேன், இப்போது முழுசாகப் பார்த்தும் மோசம்தான். ஆகையால் மேலே நல்ல படம் என்று நான் சொன்னதெல்லாம் வாபஸ். உன்னை நேரில் நாலு கேள்வி கேட்காமல் தாலி கட்ட விடமாட்டேன் என்று சம்பந்தி சொல்லி, பத்திரிகை மாதிரியில் தாய்மாமன் உத்தமன், ஆவடி என்று டீச்சர் பேனாவை வாங்கி அவரே எழுதிவிட்டார். எனக்கு இப்போது ஒரே பயம்தான், நீ வராமல் போய்விடுவாயோ என்பது. நல்ல படம் என்று சொன்னால்தான் வருவேன் என்று இன்னமும் நீ பிடிவாதம் பிடித்தால், மேலே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பின்குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வா.